படாத அடியைப் பட்டதென்று சொன்ன அண்ணிக்கு

என் பாசமுள்ள செல்வி அண்ணி,

பாசமுள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். பாசம் இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வரப்போகிறது?

இந்தக் கடிதம் முழுக்க உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன். வீட்டில் நீங்க, வாங்க. முந்திரித் தோப்பில் இறங்கிவிட்டால் வாடி, போடி. அப்படித்தான் நாம் வைத்திருந்தோம். இது தோப்புப் பேச்சு என்றே எடுத்துக்கொள். அம்மா படித்தால் என்னைத் திட்டுவாள். அண்ணன் படித்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், நீ போனதிலிருந்து அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் மூட்டையைப் பிரித்தேன். உன் இடது தொடைத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நீ என்னிடம் என்ன பொய் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை வேறு யாராவது படித்தால் மூட்டை என்ன, தகடு என்ன என்று குழம்புவார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். செல்வி என் அண்ணன் மனைவி. குமராட்சிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, செம்மங்குப்பத்தில் தொட்டியும் குழாயும் செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். எங்களுடையது கடலோரத்து மீனவர் வீடு. அண்ணன் படகு என்ஜின் மெக்கானிக். என்ஜினுக்கு ஒரு பாகம் செய்யப் போனவன் பெண்டாட்டியோடு வந்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நான் கோமதி, கடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

நானும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமையானால் அந்த முந்திரித் தோப்பில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, கூர் மழுக்கிய வாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வோம். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் போட்ட மாதிரி கவசமும் கேடயமும் செய்து, அதை மாட்டிக்கொண்டு நிஜமாகவே மோதிப் பார்க்கிற ஒரு கூட்டம் எங்களுடையது. கூத்து இல்லை, நடிப்பு இல்லை, அடி நிஜம். எங்களைப் பைத்தியங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஒன்றும் பெரிய தப்பில்லை.

நீ எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம்தான் நான் என் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தேன். எதற்கு வந்தேன் என்ற கதை இங்கே வேண்டாம், உனக்குத் தெரியும். ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசியது. மீன் விற்கிற பக்கத்து வீட்டு அக்கா எனக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மீன் அள்ளிப் போடுவாள். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற சித்திகூட என்னிடம் தேன் தடவிப் பேசினாள். எனக்கு அது செருப்படியைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் சலீம் பாய் என் கடைக்கு வந்தார். முதுநகரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், நம் கூட்டத்துக்குத் தலைவர். கவசத்துக்கு உள்ளே போட ஒரு பஞ்சுச் சட்டை வேண்டும் என்றார். பழைய புடவைகளை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, வரி வரியாக நெருக்கித் தைக்கிற சட்டை. தைத்து முடித்து நானே போட்டுப் பார்த்தேன். அவர் ஒரு கழியால் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். வலிக்கவில்லை என்றேன். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் அது உண்மையாக இருந்தது.

புதுப் பெண்ணாக வந்த உன்னிடம் வீட்டில் நான் அதிகம் பேசவில்லை. நீயும் பேசவில்லை. பாய்க்குத் தைத்த மாதிரியே எனக்கென்று நான் தைத்து வைத்திருந்த சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் முதன்முதலாக என்னிடம் நீளமாக ஒரு வாக்கியம் பேசினாய். "இதுக்கு மேல போடற தகட நான் அடிச்சித் தரட்டுமா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு உனக்கு இரும்பு, எனக்குத் துணி என்று ஆகிவிட்டது.

பட்டறையில் மீந்த தகட்டுத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவாய். என் தொடைக்கு அளவெடுத்து அட்டையில் வெட்டி, அந்த அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போடுவாய். மரக்கட்டையில் குழித்த பள்ளத்தில் வைத்துத் தட்டித் தட்டி வளைப்பாய். கடைசியில் நன்றாகச் சூடேற்றிப் பழைய என்ஜின் ஆயிலில் முக்கி எடுத்தால் தகட்டின் மேல் ஒரு கருப்பு பிடித்துக்கொள்ளும். கடலோர உப்புக் காற்றில் துருவைத் தடுக்கிறது அந்தக் கருப்புதான். அதன் மேல் ஒரு அடி விழுந்தால் கருப்பு உரிந்து வெள்ளைக் கீறல் தெரியும், சுத்தியலால் தட்டினாலும் உரியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மறந்துவிட்டாயா?

கம்பி வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை துருப்பிடித்தபோது, அதை மணலோடு ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடிக் கடற்கரையில் உருட்டினோம். வலை காயவைத்துக்கொண்டிருந்த மாமா ஒருவர், "உள்ள யாரம்மா இருக்கா?" என்று கேட்டார். நீ திரும்பிப் பார்க்காமலே, "எங்க மாமியார்" என்றாய். அம்மா இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை.

கேடயத்தை எப்படிப் பிடிப்பது என்று பார்க்க நம் கூட்டத்தோடு சிதம்பரம் கோயிலுக்குப் போனோம். ஒரு மண்டபத்தின் அடிவரிசையில் சின்னச் சின்னதாக வீரர்கள் இருந்தார்கள். கேடயமும் வாளும் இருந்தன, மேலுடம்பில் ஒன்றுமில்லை. நீ குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இவுங்க யாரும் நாத்தனார் கூட சண்ட போடல போல. அதான் கவசம் இல்ல" என்றாய். அன்றைக்கு நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நம் கூட்டத்துக்கு நடுவர் கிடையாது. அடி பட்டதா இல்லையா என்பதை அடி வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். பட்டால் கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அடித்தவர் வாய் திறக்கக் கூடாது. கேடயத்தில் விழுந்தாலும் தகட்டில் விழுந்தாலும் அடிக்கிற கைக்கு ஒரே அதிர்வுதான். முகத்தை மூடிய கம்பிக்குள்ளிருந்து பார்த்தால் எதிரே நிற்பவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாகத் தெரியாது. அதனால் எதிராளியின் வார்த்தையை நம்பித்தான் எல்லாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் போட்ட ஒடுக்கோ அவர்தான் அதைத் தட்டி எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் தகடு ஒடுங்கினதற்காக இரண்டு பேர் நிஜமாகவே அடித்துக்கொண்டதால் சலீம் பாய் வைத்த வழக்கம். சண்டை முடிந்ததும் மரத்தடியில் எதிராளியின் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு தட்டுவோம். அந்த நேரத்தில்தான் கோபமெல்லாம் இறங்கும். நீ என் தகடுகளை அப்படித் தட்டிக் கொடுத்திருக்கிறாய். உன் தகட்டை மட்டும் என்னிடம் தரவே மாட்டாய். "நான் பட்டறையிலயே வேலையோட வேலையா எடுத்துடறேன், உனக்கு எதுக்குக் கஷ்டம்" என்பாய். நான் அதை உன் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தலைக்கவசத்தின் வாரை என் தாடைக்கு அடியில் கட்டிக்கொண்டே சொன்னாய். "இங்க அண்ணி நாத்தனார்லாம் கெடயாது கோமதி. பாவம் பரிதாபம்லாம் வீட்டோட. நான் அடிப்பேன், நீயும் அடி. பட்டா பட்டுச்சு, படலன்னா படல. சரியா?"

சரி என்றேன். அண்ணி, அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் உன் ஆள் ஆனேன். ஊரே என்னை உடைந்த சட்டி மாதிரி பார்த்துப் பார்த்துக் கையாண்டபோது, நீ மட்டும்தான் வாளை ஓங்கிக்கொண்டு வந்தாய். உன் முதல் அடி என் தோளில் விழுந்து நான் மண்டியிட்டேன். முழங்கால் சிராய்த்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். மேலே ஓங்குகிற மாதிரி காட்டி, உன் கேடயம் மேலே போனதும் கீழே இறக்கி இடது தொடையில் ஒரு அடி. "பட்டுச்சு!" என்று நீ கையைத் தூக்குவாய். அதற்குத் தொடையடி என்று நம் கூட்டத்தில் பெயரே வந்துவிட்டது. புதிதாக வந்த பெண்களுக்கு நானே அதைக் கற்றுக்கொடுத்தேன். கால் எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்றெல்லாம் விளக்கினேன். நீ ஓரத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். எப்படி உன்னால் அந்தச் சுளையை முழுங்க முடிந்தது?

கடையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். என் புருஷன் வீட்டார் வந்து சமாதானம் பேசியபோது, வர மாட்டேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் அதற்குப் பிறகுதான். எதிரே உட்கார்ந்திருந்த அவர்களைப் பார்த்து, உங்களைவிட பலமானவளை நான் ஞாயிறுதோறும் வீழ்த்துகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் வாய் திறந்தேன்.

அப்புறம் பெங்களூர்ப் போட்டி. அங்கே நடுவர்கள் நாலு மூலையிலும் நின்றார்கள், பட்டதா இல்லையா என்று அவர்கள்தான் சொல்வார்கள். நான் என் தொடையடியை இறக்கினேன். எதிரே நின்ற பெண் கேடயத்தை அரை அடி கீழே இறக்கினாள், அவ்வளவுதான். திறந்து கிடந்த என் கழுத்தோரத்தில் அவள் வாள் வந்து விழுந்தது. காரை எலும்பில் விரிசல்.

ஊருக்குத் திரும்பி வரும்போது ரயிலில் உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏன்டி, எங்க தப்பு பண்ணேன்?" நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு உயரம் ஜாஸ்தி" என்றாய். பிறகு கை தூக்க முடியாமல் கிடந்த எனக்கு எலும்பு கூடுகிற வரைக்கும் சோறு ஊட்டினாய். தலை பின்னிவிட்டாய். என் தோள் தகட்டை வாங்கிப்போய், கழுத்தோரம் வரை நீட்டி, இன்னும் தடித்த தகட்டில் புதிதாக அடித்துக்கொண்டு வந்தாய்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அடியை இறக்கும்போதெல்லாம் என் கழுத்தோரம் திறந்துகொள்கிறது என்று ஞாயிறுதோறும் எதிரே நின்ற உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தகட்டை நீட்டியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, நான் என் கையைத் திருத்திக்கொண்டிருப்பேனே. அது கொஞ்சம் தள்ளி, தொண்டையில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? யாரிடம் போய் உயரம் ஜாஸ்தி என்று சொல்லியிருப்பாய்?

நீ போன வாரத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சண்டையில் தொடையில் இரண்டு அடி என்றாய். பட்டுச்சு, பட்டுச்சு. நான் ஜெயித்தேன். உனக்கு இடுப்பு வலி என்று, நீ அடுக்கி வைத்த உன் கவச மூட்டைக்கும் நான்தான் முடிச்சுப் போட்டு, வீட்டுப் பரணில் ஏற்றி வைத்தேன். புதன்கிழமை காலை வேலைக்குப் போகும்போது லாரி. அதற்கு மேல் எழுத வேண்டாம், உனக்குத் தெரியாததா.

கருமாதி முடிந்த பிறகு அண்ணன் பரணைக் காட்டி, "அத எடுத்துட்டுப் போயிடு கோமதி. என்னால பாக்க முடியல" என்றான். தோப்புக்கு எடுத்துப் போனேன். என் மனசில் ஒரே எண்ணம்தான் இருந்தது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஒடுக்கை நான்தான் எடுக்க வேண்டும், அது உனக்கு நான் செய்ய வேண்டிய பாக்கி. சுத்தியல்கூடக் கையோடு கொண்டுபோனேன்.

நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிரித்து, இடது தொடைத் தகட்டை எடுத்தேன். ஒரு ஒடுக்கு இல்லை. கருப்பில் ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் தட்டி எடுத்த தடமும் இல்லை. நீ ஆயிலில் முக்கி எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வலது தொடையில் மற்றவர்கள் போட்ட கீறல்கள் இருந்தன. கேடயத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் கீழ் விளிம்பு முழுக்கச் சிதைந்து, மரம் பிளந்து, ஓரத்து இரும்புப் பட்டி நெளிந்து கிடந்தது. என் தொடையடி அத்தனையும் அங்கேதான் போயிருக்கிறது. ஒன்றுவிடாமல் தடுத்திருக்கிறாய். தடுத்துவிட்டுக் கையைத் தூக்கியிருக்கிறாய்.

சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக முதுநகருக்குப் பஸ் ஏறினேன். சலீம் பாய் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"உக்காரும்மா. டீ சொல்றேன்."

"டீ வேணாம் பாய். செல்வி எங்கிட்ட வேணும்னே தோத்துச்சா?"

அவர் கையில் இருந்த வேஸ்ட் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்மா. வெளிய நிக்கறவனுக்குத் தெரியாதா? ஒரு தடவ தனியா கூப்ட்டுக் கேட்டேன். இது சரியில்ல செல்வி, நம்ம வெளையாட்டே நாணயத்துலதான் நிக்குதுன்னு சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொல்லுச்சு?"

"விடும்மா. போன புள்ள."

"சொல்லுங்க பாய்."

"'அது ஏற்கனவே ஒரு எடத்துல தோத்துட்டு வந்துருக்கு பாய். இங்கயாவது ஜெயிக்கட்டும்'னு சொல்லுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல."

அண்ணி, இந்த வார்த்தையை நீ என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் உன்னை அறைந்திருப்பேன். அறைந்துவிட்டு இரண்டு நாளில் பேசியிருப்பேன். இப்போது எங்கே போய் அறைவது? நான் தோற்றுவிட்டு வந்தேன் என்றா நினைத்தாய்? அந்த வீட்டிலிருந்து நான் வந்தது தோல்வி என்றா? மீன்கார அக்காவும் சித்தியும் அப்படித்தான் நினைத்தார்கள். நீயும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறாய். தகடு மாட்டிக்கொண்டு நின்றாய், அதுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து என் தகடுகளை எல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ தட்டி எடுத்த தடங்கள் உள்பக்கம் நிறையவே இருந்தன. அப்படியானால் நீ என்னை அடித்தது நிஜம்தான். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது. பிறகு அந்த ஆறுதலும் போய்விட்டது. அடிக்கிற கை நிஜம், தோற்கிற வாய் பொய். இதில் எதை நான் என் அண்ணி என்று வைத்துக்கொள்வது?

அதிலிருந்து ஒவ்வொன்றாக மனசு கிளறுகிறது. என் வஞ்சிரக் குழம்பு உன் அம்மா வைக்கிறதைவிட நன்றாக இருக்கிறது என்றாயே, அதுவும் இப்படித்தானா? கடைக்கு நான் வைத்த போர்டு அழகாக இருக்கிறது என்றாயே? பொங்கலுக்கு ஒரே நிறத்தில் இரண்டு புடவை எடுத்து வந்து, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா கட்டணும் என்றாயே? உன்னோடு இருந்த எந்த நாளை எடுத்தாலும், இதில் நீ விட்டுக்கொடுத்தது எது, நிஜமாகவே விரும்பியது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. செத்துப்போனவளிடம் இருந்து நினைவாவது மிஞ்ச வேண்டும் அல்லவா? அதையும் கெடுத்துவிட்டாய்.

அண்ணனிடமும் கேட்டேன். துறைமுகத்தில் என்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கும் தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஸ்பானரைக் கீழே வைத்தான். "நீ திரும்பி வந்தப்ப எத்தன மாசம் சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தன்னு உனக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும். அவ வந்தப்பவும் நீ பாதி நாளு அப்டித்தான் கெடந்த. தோத்தா மறுபடி படுத்துடுவியோன்னு பயந்தா. நானும்தான் பயந்தேன். அப்பறம் எப்ப நிறுத்தறதுன்னு அவளுக்குத் தெரியல. ஒரு தடவ சொல்லிட்டா எல்லாத்தையும் சொல்லணுமில்ல?"

அவன் கண் கலங்கியது. நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன். அவன் அழுதால் நானும் அழுவேன், அழுதால் உன்னை மன்னித்த மாதிரி ஆகிவிடும். நான் மன்னிக்கப் போவதில்லை.

இனி இங்கே நடப்பதைச் சொல்கிறேன். அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு மைதானத்தில் நம் கூட்டம் ஜனங்களுக்கு முன்னால் மோதிக் காட்டப்போகிறது. பெண்கள் சண்டைக்கு நீயும் நானும் என்று முன்பே பேசி வைத்திருந்தது. உன் இடத்தில் இப்போது ஜெயந்தி. தோப்புக்காரர் வீட்டு மருமகள்தான், காடாம்புலியூர் ஜெயந்தி. உனக்கு அவளைப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, அவளுக்கு நம் இரண்டு பேரையும் பிடிக்காது.

நான் அவளிடம் போய், "எனக்கு விட்டுக்குடுக்கக் கூடாது" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் எதுக்கு உனக்கு விட்டுக்குடுக்கப் போறேன்? நீ இன்னா எனக்கு நாத்தனாரா?" என்றாள். அண்ணி, யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசி ரொம்ப நாளாகிறது.

அந்த ஞாயிறு முழுக்கத் தோற்றேன். அடுத்த ஞாயிறும் தோற்றேன். என் தொடையடியை அவள் கேடயத்தை அசைக்காமலே தடுத்துவிட்டு, என் தோளில் சாத்தினாள். "இதுக்குத்தான் இவ்ளோ பேரு வெச்சிருந்தீங்களா?" என்று சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் கற்றுக்கொடுத்த பெண்களும் அங்கேதான் நின்றார்கள். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், உள்ளுக்குள் எரிந்தது. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

ஒரு முறை அவள் "பட்டுச்சு" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சண்டையை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, அவள் அருகே போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். கீறல் இருந்தது. "இன்னாடி, போலீசா நீ?" என்று கத்தினாள். இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறாய் என்னை. யார் எனக்கு ஜெயம் என்று சொன்னாலும் போய்த் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாய் எனக்கு முதலிலிருந்து காலை வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். கழுத்தோரம் திறக்காமல், கேடயத்தை உடம்போடு ஒட்டி வைத்து, பக்கவாட்டில் சின்னதாக ஒரு அடி. பெயர் வைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அது ஜெயந்தியின் முழங்கைக்கு மேலே போய் விழுந்தது. அவள் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "ஐயோ எரும! பட்டுச்சுடி! பட்டுச்சு, பட்டுச்சு!" அப்புறம் சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. சட்டென்று பலாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். நீ பாத்தியாடி என்று கேட்க வாய் திறந்தேன். அங்கே தண்ணீர்க் குடம்தான் இருந்தது. தடவிப் பார்க்காமலே நம்ப முடிந்த என் முதல் அடியை நான் காட்ட நினைத்தது உனக்குத்தான், என்னை ஏமாற்றினவளுக்குத்தான். அந்த நிமிஷத்தில் உன் மேல் வந்த கோபத்தைப்போல இதுவரைக்கும் வந்ததில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்று அழுதேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

நேற்று பாய் ஒரு யோசனை சொன்னார். சிதம்பரத்தில் செல்வி நினைவாக ஒரு சண்டை, கடைசியில் கோமதி தொடையடி அடித்து ஜெயிக்கிற மாதிரி, ஜெயந்தியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம் என்றார். ஜனங்களுக்கும் பிடிக்கும், உனக்கும் மரியாதை என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணம் என்றாலே இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. முடியாது பாய் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைப் போல அல்ல, நான் கொடுத்தால் காப்பாற்றுவேன். சிதம்பரத்தில் எதையும் பேசி வைக்காமல் ஜெயந்தியோடு மோதுவேன். அவள் என்னைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள். அநேகமாகத் தோற்பேன். அத்தனை ஜனங்களுக்கும் முன்னால், அண்ணனுக்கும் அம்மாவுக்கும் முன்னால், என் கையை நானே தூக்கி "பட்டுச்சு" என்று சத்தமாகச் சொல்வேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். முகம் கழுவிவிட்டு நன்றாகச் சாப்பிடுவேன். மறுநாள் காலை எப்போதும் போலக் கடையைத் திறப்பேன். சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டேன் அண்ணி. நான் தோற்றுவிட்டும் எழுந்து நிற்பேன் என்பதை நீ ஒருநாள்கூட நம்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை ஒருமுறைகூட ஜெயிக்காத உன் நாத்தனார்,
கோமதி